குட்டி நாய்க்குப் பச்சைக்கறி போடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கறிக்கடை. “அண்ணே, நாய்க்குட்டிக்கு அரை கிலோ. எலும்பு இல்லாம குடுங்க” என்கிறார் ஒரு கல்லூரி மாணவர். வேகவைக்காமல் அப்படியே போடப்போகிறாராம். வீடியோவில் பார்த்தாராம், ‘இயற்கை உணவு’ என்று.

அவர் குட்டி மீது வைத்திருக்கும் பாசத்தில் குறையில்லை. ஆனால், அந்த அரை கிலோவில் வளரும் குட்டிக்கு முக்கியமாகத் தேவைப்படும் ஒன்று இல்லை. அது கால்சியம்!

எலும்பைக் கரைக்கும் கறி

குட்டியின் உணவில் பாஸ்பரஸ் 1 பங்கு என்றால், கால்சியம் குறைந்தது 1 பங்காவது இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமோ 10 முதல் 15 மில்லிகிராம்தான்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. குட்டியின் சொந்த எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தட்டு நிறையச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று தெரியும் குட்டி, ஒருநாள் நொண்டும். முன்னங்கால் வளையும். சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியலாம். கறியை வேகவைத்துப் போட்டாலும் இந்தக் குறை தீராது.

‘அப்படியானால் கால்சியம் டானிக் ஊற்றிவிடலாமே’ என்று நினைக்காதீர்கள். லேப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

‘காட்டில் பச்சையாகத்தானே தின்றது?’

உண்மைதான். ஆனால், காட்டு நாய் முயலைப் பிடித்தால் எலும்பு, ஈரல் என எல்லாவற்றையும் சேர்த்தே தின்னும். பச்சை உணவு முறையைப் பிரபலமாக்கிய ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட், 1993-ல் எழுதிய புத்தகத்தில் வலியுறுத்தியதும் சதையோடு கூடிய எலும்பைத்தான். வெறும் சதையை அல்ல.

எலும்போடு போட்டாலும் ஆபத்து உண்டு. அது தொண்டையிலோ குடலிலோ சிக்கலாம், பல்லை உடைக்கலாம். வேகவைத்த எலும்பு கூரான சில்லுகளாக உடையும் என்பதால் அதையும் போடவே கூடாது.

வீட்டுக்குள் வரும் கிருமி

பச்சைக்கோழியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். ஃப்ரீஸரில் வைப்பதால் அவை செத்துவிடாது. நாய்க்கு எந்த நோயும் தெரியாமலேயே அதன் மலத்தில் கிருமி வெளியேறும். அந்தக் குட்டியைக் கொஞ்சும் குழந்தை, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி, கர்ப்பிணி ஆகியோருக்குத்தான் பாதிப்பு அதிகம்.

கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடுவது இன்னும் மோசம். அதிலுள்ள நீர்க்கட்டி வழியாக நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், நம் கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டி உருவாகும். அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம், பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று 2012-லேயே அறிவுறுத்தியதற்குக் காரணம் இந்தக் கிருமிகள்தான்.

என்ன கொடுக்கலாம்?

* ‘வளரும் குட்டிகளுக்கு’ என்று அச்சிட்ட முழுமையான உணவு சுலபமான வழி. பெரிய இனம் என்றால் அதற்கென உள்ளதையே வாங்குங்கள்.

* வீட்டுச் சாப்பாடுதான் என்றால் நன்றாக வெந்த கறி, சோறு, காய்கறியோடு கால்சியமும் அளவாகச் சேர வேண்டும். குட்டியின் எடை, வயதைச் சொல்லி டாக்டரிடம் அளவை எழுதி வாங்குங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது.

* 2 மாதக் குட்டிக்கு நாளுக்கு 4 வேளை, 3 மாதத்துக்கு மேல் 3 வேளை, 6 மாதத்துக்கு மேல் 2 வேளை போதும்.

* பச்சைக்கறி தொட்ட கை, கத்தி, பலகையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஏற்கெனவே வெறும் கறி போட்டுப் பழக்கிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். புது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். ஆனால், குட்டி நொண்டினாலோ, விளையாட வராமல் படுத்தே கிடந்தாலோ, தொட்டால் கத்தினாலோ காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். எக்ஸ்ரே தேவைப்பட்டால், வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

சீக்கிரம் கண்டுபிடித்து உணவை மாற்றினால், மெலிந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் உறுதியாகும். அடுத்த ஞாயிறு கறிக்கடைக்குப் போகும்முன், ஒருமுறை டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள்.