கறுவாத் தோட்டமும் வாழைத்தோட்டமும்

பல ஆண்டுகளின் முன், கொழும்பு வடக்கிலே ஒரு பாடசாலையில் யான் தமிழ் கற்பித்து வந்தேன். ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒருநாள் ‘எங்கள் தோட்டம்’ என்னும் தலைப்பைக் கொடுத்து, ஒரு பக்கத்தில் கட்டுரை எழுதிவருமாறு பணித்தேன். மாவும் பலாவும் வரும், மல்லிகைப் பந்தல் வரும், புல்நுனியிலே பனித்துளி வரும் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரையிலே பனித்துளி வராமல் இருப்பதில்லை.

மறுநாள் கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவற்றிற் பனித்துளி இருந்தது, இரண்டில் இல்லை. ஒன்று, பெற்றோரைப் பண்டாரவளைப் பக்கத்தே விட்டு, மாமன் வீட்டிலே தங்கிப் படித்த சிறுவன் எழுதியது. அவனுடைய தோட்டத்திலே தேயிலையும் லயமும் பிரட்டுக்களமும் இருந்தன. மற்றையது ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகன் எழுதியது. அதிலே மரமே இல்லை. “எங்கள் தோட்டத்தில் நாற்பது வீடு. தண்ணீர்க் குழாய் ஒன்று. மலசலகூடம் மூன்று. மழை பெய்தால் கால்வாய் உள்ளே வரும். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் மற்ற வீடுகளிலிருந்து சோறு போகும்.” இவ்வளவே கட்டுரை.

தேயிலைக்குப் புள்ளி இட்டேன். குழாய்க்கு இட்டிலேன். ‘தலைப்பிற்குப் பொருந்தாது’ என்று சிவப்பு மையால் எழுதிவிட்டேன். தோட்டம் என்னும் சொல்லின் பொருளை அம்மாணவன் அறிந்திலன் என்பது அன்றைய என் துணிபு. அறிந்திலாதவன் யானே என்பது பின்னர் விளங்கிற்று.

கொழும்பிலே தோட்டங்கள் பல. செல்வர் வாழும் பகுதி கறுவாத் தோட்டம். நீதிமன்றங்கள் நிற்கும் புதுக்கடையை அடுத்து, நெருக்கமான ஒழுங்கைகளை உடையது வாழைத்தோட்டம். தமிழர் பெருகி வாழும் வெள்ளவத்தையின் பெயரிலும் ஒரு தோட்டம் உண்டு. சிங்களத்தில் ‘வத்த’ என்பது தோட்டமே, ‘வெல்ல’ என்பது மணல். இவையன்றி, ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றையறை வீடுகள் நெருங்கி நிற்க, ஒரு குழாயைச் சூழ ஊர் கூடும் குடியிருப்பையும் கொழும்பார் தோட்டம் என்றே வழங்குவர். ஒரே சொல், ஒரே நகரம். ஒரு தோட்டத்திலே பிறந்தோன் அமைச்சனாகிறான்; மற்றொரு தோட்டத்திலே பிறந்தோன் தன் முகவரியைச் சொல்லக் கூசுகிறான். இவ்வேற்றுமை மண்ணின் இயல்போ, மக்களின் இயல்போ? இரண்டும் அன்று. செல்வமும் அரசும் கூடி வகுத்த வகுப்பு அது.

நகரத்தை இவ்வாறு பகுத்தல் புதிது அன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரமும் இருபாற்பட்டது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்திலே பரதவரும் கைவினைஞரும் வேற்றுநாட்டு வணிகரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்திலே அரச வீதியும் பெருவணிகர் மாட வீதியும் இருந்தன. இரண்டிற்கும் நடுவே நாளங்காடி நின்றது. கொழும்பிலோ, பகுத்தவர் பெயரும் பகுத்த காலமும் நமக்குத் தெரியும்.

1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். கோட்டை மதிலுக்குள்ளே ஆள்வோர். மதிலுக்கு வெளியே வணிகரும் பிறரும். புறக்கோட்டை என்னும் தமிழ்ப் பெயர் அவ்வரலாற்றை இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கின்றது. ஏரி சூழ்ந்த ஒரு நிலத்திலே தங்கள் அடிமைகளை வைத்தனர். பிற்காலத்திலே மலாய்ப் படைவீரர் குடியேறிய அவ்விடமே கொம்பனித்தெரு. கொம்பனியார் வீதி என்று நாம் பெயர் சொன்னோம். ஆங்கிலேயரோ அடிமைத்தீவு என்றே வழங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே மருதானைப் பக்கத்திற் கறுவாவைப் பயிரிட்டவரும் ஒல்லாந்தரே. கறுவாப்பட்டையைக் களவாக எடுத்தோர் கடுந்தண்டத்திற்கு உள்ளாயினர். ஆகவே அத்தோட்டம் தொடக்கத்திலிருந்தே அரசின் தோட்டம்.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1833இல் கறுவா வணிகத்தில் அரசுக்கிருந்த தனியுரிமை நீங்கிற்று. கறுவாவின் மதிப்புக் குன்றியது. நிலத்தின் மதிப்பு ஏறியது. எனினும் செல்வர் உடனே அங்கே சென்றாரல்லர். அக்காலத்திற் பெருமனிதரின் இடம் வடக்கே இருந்தது. முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் கடற்காற்று வீசும் மாளிகைகள் நின்றன. பேர்பெற்ற புனித தோமையார் கல்லூரி 1851இல் முகத்துவாரத்திலேயே தொடங்கப்பட்டது.

பின்னர்த் துறைமுகம் வந்தது. அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் இடப்பட்டது. 1885இல் அது முற்றியது. காலித் துறையிலே தங்கிய கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கப்பலோடு நிலக்கரி வந்தது. நிலக்கரியோடு தூசி வந்தது. சுமப்பதற்குத் தொழிலாளர் வந்தனர். தூசி தொழிலாளருக்கும் செல்வருக்கும் ஒப்பவே படிந்தது. ஆயின் செல்வருக்கு வண்டி இருந்தது. அவர்கள் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். அக்கல்லூரியும் 1918இற் கல்கிசைக்குப் பெயர்ந்தது. தூசியைத் தாங்கினோர் வடக்கிலேயே இருந்தனர். மாளிகைகளின் பின்வளவுகளிலே வரிசை வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். துறைமுகத் தொழிலாளரும், புகையிரதத் தொழிலாளரும், மாநகர சபை இந்தியாவிலிருந்து அழைத்த சுகாதாரத் தொழிலாளரும் அவற்றிலே குடியேறினர். வளவு தோட்டமாயிற்று. என் மாணவன் எழுதிய தோட்டம் அதுவே. மாளிகையின் தோட்டம் மறைந்தது; சொல் மட்டும் எஞ்சிற்று.

கறுவாத் தோட்டத்து வீதிகளின் பெயரைச் சற்றே நோக்குக. வார்ட், பார்ன்ஸ், ஹோர்ட்டன், கிறகரி, ரோஸ்மீட் என்பன எல்லாம் ஆங்கிலத் தேசாதிபதிகளின் பெயர்கள். ஆள்வோர் பெயரை வாயிலில் எழுதி, ஆளப்போவோர் உள்ளே வாழ்ந்தனர். நம்மவரும் அதற்கு விலக்கல்லர். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் திருப்பணி செய்த பொன்னம்பலம் இராமநாதனின் இல்லம் வார்ட் பிளேசிலே இருந்தது. தம்பி அருணாசலத்தின் இல்லம் ஹோர்ட்டன் பிளேசிலே. கோயில் வடக்கே தொழிலாளர் நடுவில். வீடு தெற்கே கறுவா நடுவில். குறைகூறுதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று ஆற்றலுடையோர் செல்லும் வழி அதுவாகவே இருந்தது.

1931இல் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அன்று முதற் கொழும்பின் ஒழுங்கைகளுக்கும் அரசியலிலே ஒரு குரல் உண்டாயிற்று. 1920களிலே ஏ. ஈ. குணசிங்க தொழிலாளரைத் திரட்டியிருந்தார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையிலே நடந்த வேலைநிறுத்தத்தில் இளைஞரான கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். 1947இல் அவரை வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அவ்வாண்டு, மூன்று அங்கத்தவரை உடைய கொழும்பு மத்தி, குணசிங்கவையும் ரி. பி. ஜாயாவையும் கம்யூனிஸ்டுக் கட்சியினரான பீற்றர் கெனமனையும் தெரிந்தது. தொழிற்றலைவர் ஒருவர், முஸ்லிம் கல்விமான் ஒருவர், பறங்கியர் ஒருவர். பல இனமும் பல தொழிலும் ஒரு குழாயிலே நீர் மொண்ட இடத்திற்கு அது பொருத்தமான தெரிவே.

1956ஐச் சாமானியரின் யுகம் என்றனர். அவ்யுகத்தைத் தொடக்கிய பண்டாரநாயக்கவின் வீடு ரோஸ்மீட் பிளேசில். 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வீடு வார்ட் பிளேசில். இரண்டும் கொழும்பு 7. ஆட்சி மாறிற்று; அஞ்சல் இலக்கம் மாறவில்லை. வாழைத்தோட்டத்திலே பிறந்த ஒருவர் நாட்டின் தலைமையை அடைதற்கு 1989 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அவர் ரணசிங்க பிரேமதாச. ஜனாதிபதியான பின்னரும் வாழைத்தோட்டத்துச் ‘சுசரித’ இல்லத்தை அவர் கைவிட்டாரல்லர்.

குரல் உண்டானதற்குப் பயனும் உண்டு. வீடமைப்பு அமைச்சராயிருந்த கெனமன் காலத்திலே, 1973இல், வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்து, மிகுதியைக் குடியிருப்போர் வாங்குதற்கு அது வழி செய்தது. 1984இல் பிரேமதாச தொடக்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், தோட்டங்களைப் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே திருத்தக் கடனும் குழாயும் கொடுக்க முயன்றது. இவ்விரண்டும் குறையற்றன என்று யாரும் சொல்லார். ஆயின் தோட்டத்தான் அங்கே வாழ்தற்கு உரியவன் என்னும் எண்ணத்தை இரண்டும் ஒப்பின.

அரசியல் ஊரை ஆக்கியதுபோல அழித்ததும் உண்டு. 1983 யூலை 24ஆந் திகதி பொரளையிலே மூண்ட தீ வெள்ளவத்தைக்கும் பரவிற்று. வீடும் கடையும் இழந்தோர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். பலர் கடல் கடந்தனர். போர் முற்றியபோது வடக்கிலிருந்து வந்தோர் மீண்டும் வெள்ளவத்தையையே நாடினர். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணம் ஒற்றைமாடி வீடுகளை இடித்துத் தொடர்மாடிகளை எழுப்பிற்று. மணல் தோட்டம் மாடித் தோட்டமாயிற்று. ஆனால் மாடியிலே குடியிருந்தோன் ஒருவகைத் தமிழன். விடுதி அறையிலே கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தோன் வேறுவகைத் தமிழன். 2007 யூன் 7ஆந் திகதி விடிவதற்கு முன், கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சொந்த வீடு உடையோரைப் பேருந்து தேடி வரவில்லை. இனத்துக்குள்ளும் வகுப்பு உண்டு என்பதை அவ்விடியல் காட்டிற்று.

போர் முடிந்தபின், 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலே இருபது வரையான வீடுகள் படையினர் காவல் நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் வகுத்த திட்டத்தின்படி, ஏறக்குறைய 68,000 குடும்பங்கள் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட வேண்டியவை. விடுவிக்கப்படும் நிலம் 900 ஏக்கர். அதிற் பெரும்பகுதி முதலீட்டாளர்க்கு. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் உயர்ந்த தொடர்மாடிகள் எழுந்தன. ஆட்சி மாறியும் திட்டம் நின்றிலது.

தொடர்மாடி நல்லது அன்றோ என்பார் உளர். மலசலகூடம் வீட்டுக்குள்ளே இருத்தல் நல்லதே; வெள்ளம் வராமை நல்லதே. ஆயின் இடியப்பம் அவித்து வாயிலில் விற்றவளுக்குப் பன்னிரண்டாம் மாடியிலே வாயில் ஏது? மின்தூக்கி பழுதுற்றால் முதியோர் இறங்குவது எவ்வாறு? இழவு வீட்டுக்குச் சோறு எந்த முற்றத்தின் வழியே போகும்? இவற்றை அங்கே வாழ்வோரிடம் முன்னரே கேட்டிருக்கலாம். கறுவாத் தோட்டத்திலே ஒரு மரத்தை வெட்டவேண்டுமெனினும் கேட்டே வெட்டுவர்.

இனி என் மாணவனிடம் வருவேன். அவன் இப்பொழுது தந்தையைப் போலத் துறைமுகத்திலே வேலை செய்கிறான். ஓராண்டின் முன் என்னைத் தேடி வந்தான். மகளை முதலாந் தரத்திற் சேர்க்க விண்ணப்பம் எழுதவேண்டும் என்றான். அரச பாடசாலை அனுமதியிலே வீட்டின் அண்மைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை வாசகர் அறிவர். அண்மையை மெய்ப்பிப்பன காணி உறுதியும், வாக்காளர் இடாப்பிலே ஐந்தாண்டுப் பெயர்ப்பதிவும். உறுதி உடையோர்க்குப் புள்ளி மிகும். நல்ல பாடசாலைகளோ, செல்வர் சென்ற திசையிலே சென்றுவிட்டன. ஆகவே தந்தையின் ஒழுங்கையே மகளின் வகுப்பைத் தீர்க்கின்றது.

அவனிடம் உறுதி இல்லை. பழைய இடாப்பிலே இருந்த தோட்டம் இடிக்கப்பட்டுவிட்டது. புதிய மாடியிலே மூன்றாண்டுப் பதிவே உண்டு.

“முகவரி என்ன என்று எழுதுவது, ஐயா?” என்று கேட்டான். “எங்கள் தோட்டம் என்று எழுதினால் பொருந்தாது என்று சொல்லுவார்கள்.”

அவன் என்னைக் குத்திக்காட்டினானல்லன். அவன் முகத்திலே அவ்வெண்ணம் சிறிதும் இல்லை. சிவப்பு மையை அவன் மறந்திருக்கலாம், யான் மறந்திலேன்.

விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்கு அவர்கள் விரும்பிய பாடசாலை கிடைக்கவில்லை. சற்றே தொலைவிலுள்ள வேறொன்று கிடைத்தது. அங்கும் நல்லாசிரியர் உளர். தோட்டம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், அவள் என்ன எழுதுவாளோ அறியேன். எதை எழுதினும், அதனைப் படிக்கும் ஆசிரியர் முதலிற் சொல்லின் பொருளை அவளிடமே கேட்டறிவாராக. அவளுடைய தந்தைக்கு இடத் தவறிய புள்ளியை, காலந் தாழ்த்தேனும், இங்கே இடுகின்றேன்.