பதினாறு எழுத்துக்குள் ஒரு சேதி

நம் லேபில் புராஜக்ட் செய்பவர்களில் பலர் 16×2 டிஸ்பிளே ஒன்றை வாங்கிப் பொருத்துகிறோம். இரண்டு வரி, வரிக்கு 16 எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். உள்ளே இருப்பது ஹிட்டாச்சியின் ஹெச்.டி.44780, அல்லது அதைப்போலவே நடக்கும் வேறொரு ஐ.சி. சர்க்யூட்டுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் நாம், அந்தத் திரையில் என்ன வார்த்தை வரணும் என்பதை வைவாவுக்கு முதல் நாள் ராத்திரிதான் யோசிக்கிறோம்.

பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் நின்றுவிட்டது. வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், ஒரு ஃபேஸ் வராமல் இருக்கலாம், ஓவர்லோடு ஆகியிருக்கலாம், கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கலாம். நமக்கு இவை நாலு ஃபால்ட். பெட்டி முன்னால் நிற்கும் விவசாயிக்கோ கேள்வி ஒன்றுதான்: இப்ப நான் என்ன செய்யணும்? வோல்டேஜ் குறைவு என்றால் காத்திருக்கலாம். தண்ணீர் இல்லையென்றால் ஊற்று ஊறும்வரை விட வேண்டும். ஓவர்லோடு என்றால், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பட்டனை அமுக்கக் கூடாது, காயில் போய்விடும். காயில் கட்டுகிற கூலி என் செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம்.

ஆனால் திரையில் வருவது 'யு.வி.', 'ஓ.எல்.' என்று இரண்டெழுத்து. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்து படித்த முதல் ஆள் நான்தான். அப்பா விடுதிக்குப் போன் போட்டு, "தம்பி, பொட்டியில ஒரு முட்டையும் பக்கத்துல மம்பட்டி மாதிரி ஒண்ணும் வந்து நிக்குது, பட்டனை அமுத்தலாமா?" என்று கேட்பார். எனக்கு அது ஓ.எல். என்று புரிகிறது. நான் பரீட்சை ஹாலில் இருந்தால்?

இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள். 'லோ வோல்டேஜ்' இடைவெளியோடு 11 எழுத்து. 'சிங்கிள் ஃபேசிங்' 14. 'ஓவர்லோடு' வெறும் 8. எல்லாமே ஒரு வரிக்குள் அடங்குகிறது. மேல்வரியில் என்ன ஆச்சு, கீழ்வரியில் என்ன செய்யணும் என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்த ஓ.எல். மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. டிஜிட்டல் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் காற்றில் விட்டால் அதே ஓ.எல். வரும். ஸ்டார்ட்டரில் அதற்குக் கரண்ட் மிக அதிகம் என்று அர்த்தம். மீட்டரில் கரண்ட் போக வழியே இல்லை என்று அர்த்தம்! மலிவு மீட்டர்களில் இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கும். அதை ஒரு ஓம் என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுதியவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு (பெயர் வேண்டாம்).

எல்லா இடத்திலும் இது சிரிப்போடு முடிவதில்லை. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் கனடா நாட்டு இயந்திரம். 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், சிகிச்சையின் நடுவே அதன் திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கேட்ட 202 யூனிட்டில் 6 மட்டுமே போயிருப்பதாகவும் காட்டியது. 54 என்றால் என்ன என்று ஆபரேட்டரின் கையேட்டில் விளக்கமில்லை. இயந்திரம் இப்படி ஏதாவது சொல்லி நிற்பதும், 'பி' பட்டனைத் தட்டினால் ஓடுவதும் அவருக்குப் பழகிப்போன விஷயம். தட்டினார். உண்மையில் முதல் தடவையே மிதமிஞ்சிய கதிர் பாய்ந்திருந்தது. இப்போது இரண்டாம் தடவை. சில மாதங்களில் அந்த நோயாளி இறந்தார். அடுத்த மாதமே அதே இடத்தில் இன்னொருவருக்கும் அதே 54, அதே முடிவு. மூலக் கோளாறு சாஃப்ட்வேரில்தான். ஆனால் 54-க்கு உள்ளர்த்தம் 'டோஸ் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது' என்பதாம். கூடியதற்கும் குறைந்ததற்கும் ஒரே நம்பர் கொடுத்தால் பாவம், முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

நம் புராஜக்ட்டுக்கு வருவோம். ரிலேவுக்குச் சிக்னல் கொடுத்த உடனே நம் புரோகிராம் 'மோட்டார் ஆன்' என்று எழுதிவிடுகிறது. கான்டாக்டர் ஒட்டியதா, மோட்டார் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஆம்பியரைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை. அதுவரை 'ஸ்டார்ட்டிங்' போதும்.

இன்னொன்று. இந்த டிஸ்பிளேயில் பழைய எழுத்து தானாக அழியாது. 10.2 ஆம்பியர் இருந்த இடத்தில் 9.8 எழுதினால், கடைசி 2 அப்படியே நின்று 9.82 என்று காட்டும். பார்க்க உண்மையான ரீடிங் மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. பின்னால் ஒரு வெற்றிடம் சேர்த்து எழுதுங்கள்.

தமிழில் போட முடியாதா? ஐ.சி.யில் தமிழ் கிடையாது. ஆனால் நாமே வரைந்துகொள்ள 8 கட்டம் தருகிறது. ப, ட, ம எல்லாம் 5 புள்ளியில் அடங்கும். ண அடங்காது. இரண்டு கட்டத்தில் பரப்பினால் நடுவே வெள்ளைக்கோடு விழும். அதனால் 'தண்ணீர்' கஷ்டம், 'நீர்' முடியும். திரை மாறும்போது அந்த எட்டையும் மாற்றி எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிராஃப் தாளில் கொஞ்சம் எழுத்துகள் வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்த பேட்ச்சில் பம்ப்செட் எடுப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.