தலையைத் திருப்ப முடியாத வௌவால் மனிதன்!

குட்டீஸ், ஒரு வெள்ளைத்தாளும் கொஞ்சம் கறுப்பு மையும் இருந்தால் பேட்மேனை வரைந்துவிடலாம். கூரான இரண்டு காதுகள், முதுகில் படபடக்கும் நீண்ட மேலங்கி, சுற்றிலும் இருட்டு. அவ்வளவுதான்! ஆனால், அதே பேட்மேன் சினிமாவில் நடக்க வேண்டும், ஓட வேண்டும், சண்டை போட வேண்டும் என்றால்? அங்கேதான் தொடங்கியது தலைவலி! அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோமா?

பேட்மேன் பிறந்தது 1939-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் வெளியான ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-வது இதழில். சூப்பர்மேன் போல இவருக்குப் பறக்கத் தெரியாது. குண்டு பட்டால் காயம் ஆகும். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்தான். புரூஸ் வேய்ன் என்ற சிறுவனின் கண்ணெதிரிலேயே அவனுடைய அப்பாவையும் அம்மாவையும் திருடன் ஒருவன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். வாழ்நாள் முழுவதும் குற்றவாளிகளை எதிர்த்துப் போராடுவேன் என்று சபதம் செய்கிறான் புரூஸ். அவன்தான் பெரியவனானதும் வௌவால் வேடம் போட்டு, கோதம் நகரைக் காக்கும் பேட்மேன் ஆகிறான்.

ஒரு சிறுவனின் பெரிய சோகத்தில் இருந்து பிறந்த வீரன் இவன். அந்தச் சோகத்தைத் திரையில் எவ்வளவு காட்டுவது? இதுதான் எல்லா இயக்குநர்களையும் படுத்தி எடுத்த கேள்வி!

டிஷ்யூம்! டமால்!

1943-இல் முதல் பேட்மேன் படம் வந்தது. ஒரே படம் அல்ல. 15 பகுதிகள் கொண்ட தொடர்படம். ஒவ்வொரு பகுதியாகத் தியேட்டரில் காட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை. காமிக்ஸில் பேட்மேனின் பணியாளர் ஆல்ஃப்ரெட் குண்டாக இருப்பார். படத்தில் நடித்தவரோ மீசை வைத்த ஒல்லி மனிதர். படத்தைப் பார்த்த பிறகு, காமிக்ஸிலும் ஆல்ஃப்ரெடை மெலிய வைத்துவிட்டார்கள்! பேட்மேனின் ரகசியக் குகையும் இந்தப் படம் தந்த பரிசுதான்.

1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் வந்தது. நாயகன் ஆடம் வெஸ்ட். பளபள வண்ணங்கள், வயிறு வலிக்கும் நகைச்சுவை. குத்து விழும்போதெல்லாம் ‘டமால்’ என்பது போன்ற ஒலிச் சொற்கள் கொட்டை எழுத்தில் திரையில் வரும். 120 பகுதிகள் ஓடிய இந்தத் தொடரைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். ஆனால், அந்தச் சிறுவனின் சோகம் இதில் காணாமல் போய்விட்டது.

இருட்டு வந்தது... கழுத்து போனது!

1989-இல் இயக்குநர் டிம் பர்ட்டன், பேட்மேனை மறுபடியும் இருட்டுக்குக் கூட்டி வந்தார். நாயகனாக மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தார். ‘சிரிப்பு நடிகர் பேட்மேனா?’ என்று கொதித்துப்போன ரசிகர்கள், படம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள்!

இங்கிலாந்தில் உள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் கோதம் நகரின் வீதிகளை அப்படியே கட்டி எழுப்பினார்கள். அந்த இருண்ட நகரத்துக்கு ஆஸ்கர் விருதே கிடைத்தது. உடை? துணிக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர். பார்க்க மிரட்டலாக இருந்தது. ஆனால், ஒரு சிக்கல். முகமூடியும் கழுத்தும் தோளும் ஒன்றாக ஒட்டியிருந்ததால், கீட்டனால் தலையைத் திருப்பவே முடியவில்லை! பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் இடுப்போடு சேர்ந்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும். தாளில் ஒரு கோடு போட்டால் திரும்பிவிடும் தலை, ரப்பருக்குள் மாட்டிக்கொண்டது! ஆனாலும், சிலை போல மெதுவாகத் திரும்பும் அந்த நடையே பேட்மேனுக்குத் தனி மிடுக்கைத் தந்துவிட்டது. எதிர்த்தவர்களும் கை தட்டினார்கள்.

இருட்டு கூடினால் பயம், குறைந்தால் சிரிப்பு!

1992-இல் பர்ட்டன் எடுத்த இரண்டாவது படம் இன்னும் இருட்டாக இருந்தது. ‘குழந்தைகள் பயப்படுகிறார்கள்’ என்று பெற்றோர் பலர் புகார் செய்தார்கள். உடனே இயக்குநர் மாறினார். 1995, 1997 ஆண்டுகளில் வந்த படங்களில் வண்ண விளக்குகளும் கேலி வசனங்களும் நிறைந்தன. 1997-இல் வந்த படத்தைப் பார்த்து ரசிகர்கள் சலித்துப்போனார்கள். அப்புறம் எட்டு ஆண்டுகளுக்குப் பேட்மேன் படமே வரவில்லை!

ஏன், எதற்கு, எப்படி?

2005-இல் வந்தார் கிறிஸ்டோபர் நோலன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்பது அவரது முடிவு. மேலங்கி ஏன் வௌவால் இறக்கை போல விரிகிறது? கதையில் அதற்கு விளக்கம் உண்டு: மின்சாரம் பாய்ந்தால் விறைத்து நிற்கும் துணி! படப்பிடிப்புக்கு மேலங்கி தைத்த விதமும் சுவாரசியம். பாராசூட் நைலான் துணியின் மேல், மின்சாரத்தின் உதவியோடு மெல்லிய இழைகளைப் படியவைத்தார்கள். அதனால்தான் அது வெல்வெட் போல இருட்டோடு இருட்டாகத் தெரிகிறது.

பேட்மேனின் கார் எப்படிப் பிறந்தது தெரியுமா? நோலன் வீட்டுக் கார் கொட்டகையில்! வடிவமைப்பாளர் நேத்தன் கிரௌலி, கடையில் வாங்கிய பொம்மை வண்டி, விமானத் துண்டுகளை ஒட்டி ஒட்டி முதல் மாதிரியைச் செய்தார். பிறகு அதை நிஜக் காராகவே கட்டினார்கள். சுமார் இரண்டரை டன் எடையுள்ள அந்தக் கார், சிகாகோ நகரச் சாலைகளில் உண்மையாகவே சீறிப் பாய்ந்தது.

சரி, ஏன் வௌவால்? படத்தில் சின்ன வயதில் புரூஸ் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்துவிடுகிறான். வௌவால்கள் கூட்டமாக அவனைச் சூழ்கின்றன. அன்று முதல் வௌவால் என்றாலே நடுக்கம். பெரியவனானதும், எதைக் கண்டு தான் பயந்தானோ அதையே வேடமாக அணிகிறான். பயந்தவன்தான் வீரனானான்! இருட்டை வெறும் கறுப்பு நிறமாகக் காட்டாமல், ஒரு பையனின் மனத்தில் இருக்கும் பயமாகக் காட்டினார் நோலன்.

2008-இல் அடுத்த படம். இந்த முறை உடையைப் பல சிறு துண்டுகளாகச் செய்து, முகமூடியைக் கழுத்தில் இருந்து பிரித்துவிட்டார்கள். ‘தலையைத் திருப்ப வசதி வேண்டும்’ என்று கதையிலேயே புரூஸ் கேட்கிறார்! 1989-இல் மாட்டிக்கொண்ட தலை, 19 ஆண்டுகள் கழித்து விடுதலை ஆனது. இதில் வில்லன் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். 2009-இல் அவருக்கு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டபோது, அவருடைய குடும்பத்தினர் பெற்றுக்கொண்டார்கள்.

இருட்டில் நீட்டிய கை

2022-இல் மேட் ரீவ்ஸ் எடுத்த படம்தான் மிக இருட்டான படங்களில் ஒன்று. படம் முழுக்க மழை, இரவு, கோபம். ‘நான் பழிவாங்க வந்தவன்’ என்கிறார் பேட்மேன். ஆனால், முடிவு? வெள்ளம் புகுந்து, விளக்குகள் அணைந்த அரங்கில் மக்கள் சிக்கித் தவிக்கிறார்கள். பேட்மேன் சிவப்புத் தீப்பந்தம் ஒன்றை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கையை நீட்டுகிறார். எல்லோரும் தயங்குகிறார்கள். முதலில் அந்தக் கையைப் பிடிப்பவன், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சிறுவன்!

புரிகிறதா நண்பர்களே? வெளிச்சம் கூட்டியும் இருட்டு கூட்டியும் பார்த்தார்கள். இருட்டில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு யாராவது கை கொடுக்கிறார்களா என்று காட்டிய காட்சிகளே மனத்தில் நின்றன. (இந்தப் படங்களில் சில, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. அப்பா, அம்மாவைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்!)

நீங்களும் ஒரு வீரனையோ வீராங்கனையையோ வரையுங்கள். பிறகு யோசியுங்கள்: இந்த உடையை எந்தத் துணியில் தைப்பது? இதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா? முக்கியமாக... தலையைத் திருப்ப முடியுமா?

பெட்டிச் செய்தி: 76 ஆண்டுகள் காத்திருந்த பெயர்

பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன் என்றுதான் நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். ஆனால், அவர் முதலில் வரைந்த பேட்மேனுக்குச் சிவப்பு உடை, விறைப்பான இறக்கைகள், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி! காதுள்ள முகமூடி, மேலங்கி, கையுறை, இருண்ட நிறம் ஆகிய யோசனைகளைச் சொன்னவர் அவருடைய நண்பர் பில் ஃபிங்கர். முதல் கதையை எழுதியவரும் அவரே. 1974-இல் அவர் இறந்தபோது, படைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. அவருடைய பேத்தி உள்ளிட்ட பலரின் முயற்சியால் 2015-இல் அந்த உரிமை கிடைத்தது. 2016-இல் வெளிவந்த படத்தில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே ஒளிர்ந்தன!