மூச்சுக் கருவியோடு முதல் வாரங்கள்

குறட்டை விட்டு உறங்குகிறவரைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர், படுத்ததும் உறங்கிவிடுகிறார்" என்று சொல்வது நம் இல்லங்களில் வழக்கம். அந்தக் குறட்டை திடீரென்று நின்று, அறையில் அமைதி பரவி, பத்து இருபது விநாடிகள் கழித்துத் திணறலோடும் பெருமூச்சோடும் மீண்டும் தொடங்குவதை மனைவியர் பலர் இருளில் விழித்திருந்து கேட்டிருக்கின்றனர். நின்றது குறட்டை மட்டுமன்று, மூச்சும்தான் என்பதை அவர்கள் அறிவர். காலையில் அதைச் சொன்னால், "நானா? நான் நன்றாகத்தானே உறங்கினேன்!" என்ற பதிலே வரும்.

மருத்துவர்கள் இந்நோயை ‘ஸ்லீப் அப்னியா’ என்கின்றனர். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னோக்கிச் சரிந்து, காற்று செல்லும் வழி அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குகிறவரை ஒரு கணம் எழுப்புகிறது, வழி திறக்கிறது, தாம் எழுந்ததையே அறியாமல் அவர் மீண்டும் உறங்குகிறார், மீண்டும் வழி அடைபடுகிறது. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ அதனை ஒருமுறை என்று கணக்கிடுவர். மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் இலேசானது. 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தை நெரித்து விடுவதற்கு ஒப்பாகும். இப்படி இரவைக் கழித்த உடல் பகலில் எங்ஙனம் விழித்திருக்கும்? பேருந்தில், அலுவலக மேசையில், வாகனத்தின் சக்கரத்தைப் பிடித்திருக்கும்போதும் கண் சொருகுகிறது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் வர மறுக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதற்கும் பக்கவாதத்திற்கும் இந்நோயோடு தொடர்பு உண்டு. (திருப்பலியில் பிரசங்க நேரத்தில் கண்ணயர்கிறவர்கள் எல்லோரும் இந்நோயாளிகள் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குப் பிரசங்கியாரும் காரணமாயிருக்கலாம்.)

நோயைக் கண்டறிவதிலும் கருவியை வாங்குவதிலும் இப்போது நம் குடும்பங்கள் பின்வாங்குவதில்லை. சில பதினாயிரம் ரூபாய் செலவிட்டுக் கருவி வாங்கிவருகின்றனர். பத்து நாள் கழித்துச் சென்று பார்த்தால் அது அலமாரியின்மேல் ஏறியிருக்கிறது. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சாமி" என்கிறார்கள். என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று பொறுமையாகக் கேட்டால், மூக்கு எரிகிறது, வாய் உலர்கிறது, பட்டை இறுக்குகிறது, குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக வருகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு எளிய பரிகாரம் உண்டு. அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமையால்தான் கருவி அலமாரிக்குப் போகிறது. நோயாளி பழைய திணறலுக்குத் திரும்புகிறார்.

இக்கருவியை ‘சி-பேப்’ என்று சுருக்கமாக அழைக்கின்றனர். அறையிலுள்ள காற்றையே இழுத்து, சற்றே அழுத்தம் கூட்டி, குழாய் வழியாக மூக்கினுள் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டையின் வழி மூடிக்கொள்ளாதபடி உள்ளிருந்து தாங்கி நிற்கிறது. அவ்வளவே அதன் தத்துவம். 1980ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதச் செய்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை மறு ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பு கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதே முக்கிய சிகிச்சையாக இருந்தது. தொடக்க காலத்து நோயாளிகள் இரவுதோறும் மூக்குக் கவசத்தைப் பசை கொண்டு ஒட்டி, காலையில் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இன்றைய பட்டையும் மெத்தென்ற ‘சிலிக்கோன்’ கவசமும் பெரிய துன்பமாகத் தோன்றா.

ஆயினும் நம் மக்களின் முதல் தயக்கம் வேறொன்று. முகத்தில் கவசமும் அதிலிருந்து குழாயும் என்றால், 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காட்சிகளே கண்முன் வருகின்றன. அப்படிக் குழாயோடு மருத்துவமனையில் கிடந்த தந்தையையோ அண்ணனையோ அடக்கம் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மகன் முதல் நாளிரவு கருவியை மாட்டிக்கொண்டு படுத்ததைக் கண்ட முதிய தாய் ஒருவர், விளக்கை அணைக்க விடாமல் கட்டிலருகே அமர்ந்து விடியும்வரை செபமாலை சொன்னதை நாம் அறிவோம். அந்தத் தாயிடம் நகைக்கலாகாது. இது ஆக்ஸிஜன் அன்று, உயிருக்குப் போராடுகிறவருக்கு வைக்கும் கருவியும் அன்று, கண் மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிவது போன்றதே என்று பகல் வெளிச்சத்தில் வீட்டார் அனைவரையும் அமரவைத்துக் காட்ட வேண்டும். சிறுவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்; யானைத் தும்பிக்கை என்று சொல்லிச் சிரிக்கட்டும். முதல் நாளே சிரித்து முடித்துவிட்டால், பிறகு அது வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிடும்.

நாமும் இக்கருவியோடு உறங்குகிறவர்தாம். குருமனையில் தனியே உறங்குகிற குருவின் குறட்டைக்குச் சாட்சி ஏது? ஆண்டுத் தியானத்தின்போது அடுத்த அறையிலிருந்த உடன் குரு ஒருவர் காலைச் சிற்றுண்டியின்போது, "இரவில் இருமுறை உங்கள் கதவைத் தட்டலாமா என்று எழுந்து வந்தேன்" என்றார். மௌனத் தியானத்தில் அவர் பேசிய வாக்கியம் அது ஒன்றே. கன்னியர் மடங்களிலும், விடுதிகளிலும், துணையை இழந்து தனித்திருக்கும் முதியோரிடத்தும் இந்நோய் இவ்வாறே மறைந்து கிடக்கும்.

முதல் இரவு எவருக்கும் இனிதன்று. ஓடும் பேருந்தின் சன்னலில் முகத்தை நீட்டினாற்போலக் காற்று வந்து மோதுகிறது. மூச்சை வெளிவிடுவதற்கு எதிர்ப்பு இருக்கிறது. ஆகவே இரவில் தொடங்காமல் பகலில் தொடங்குவதே சிறந்தது. கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து, பட்டையை மாட்டாமல் கவசத்தை மட்டும் கையால் மூக்கில் பிடித்துச் சில நிமிடம் மூச்சு விட வேண்டும். வேண்டாம் என்று தோன்றும்போது எடுத்துவிடலாம் என்ற உறுதி மனத்திற்குக் கிடைத்தாலே பாதி அச்சம் அகலும். அடுத்து, பட்டையை மாட்டிக்கொண்டு நாளேடு வாசிக்கலாம். பின்னர் பகலில் சிறு துயில். மூடிய இடத்தில் அகப்பட்டாற்போல் திணறுகிறவர்கள் இவ்வாறு ஒரு வாரம் பழகியபின் இரவு முழுவதும் அணிய முற்படுவதில் தவறில்லை. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயரும் ஏற்பாடு இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. அதனை இயக்கித் தருமாறு கருவி கொடுத்தவரைக் கேட்க வேண்டும். கேளாமல் அவர்கள் சொல்வதில்லை.

கவசத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் தோல்விகளில் பெரும்பங்கு இதனால் விளைவது. காற்றுக் கசிந்தால் பட்டையை மேலும் இறுக்குவது எல்லோரும் செய்வது. இறுக்க இறுக்கக் கவசத்தின் விளிம்பு மடங்கிக் கசிவு மிகுவதோடு மூக்குத்தண்டும் புண்ணாகிறது. அமர்ந்திருக்கையில் அளவு பார்த்தது படுக்கையில் பொருந்தாது. படுத்தால் முகத்தசை சரிகிறது. ஆகவே படுத்துக்கொண்டு, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, கவசத்தை முகத்திலிருந்து சிறிது விலக்கி மீண்டும் மெல்லப் பதித்துப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். முகத்தில் எண்ணெயோ களிம்போ இருந்தால் கவசம் வழுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய தலை நம்முடையது. அது பட்டையிலும் கவசத்திலும் ஏறிவிடுகிறது. படுக்கைக்குமுன் முகம் கழுவுவதும், காலையில் கவசத்தை மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துவதும் நாள்தோறும் நடக்க வேண்டும். தாடி வைத்தவர்களுக்குக் கசிவு மிகும். பெண்களுக்கு மூக்குத்தி அழுத்தும். இரவில் கழற்றிவைக்க மனமில்லாதவர்கள் வேறு வடிவக் கவசம் கேட்டுப் பார்க்கலாம். மூக்கை மட்டும் மூடுவது, நாசித் துளைகளில் மட்டும் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது என வகைகள் உள. ஒன்று பொருந்தாவிடில் சிகிச்சையே பொருந்தவில்லை என்று முடிவு கட்டலாகாது.

பெண்களைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். இது பருத்த ஆண்களின் நோய் என்ற எண்ணத்தால், மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள் கவனிக்கப்படாது போகின்றனர். அவர்களிடம் குறட்டையைவிடத் தீராத அயர்வும், உறக்கமின்மையும், காலைத் தலைவலியுமே முன்னிற்கும். "வயதாகிவிட்டது" என்று குடும்பம் அதை முடித்துவிடுகிறது.

காலையில் வாய் பாலைவனமாக உலர்ந்திருந்தால், உறக்கத்தில் வாய் திறந்து காற்று அவ்வழியே ஓடுகிறது என்று பொருள். காற்றுக்கு ஈரமூட்டும் நீர்த்தொட்டி அதற்குப் பெரிதும் உதவும். அத்தொட்டிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஒரு வாரத்தில் உப்புப் படியவைக்கும். மின்கலத்துக்கு ஊற்றும் நீரை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மீந்த நீரைக் காலைதோறும் கொட்டிவிட வேண்டும். குளிரூட்டிய அறையில் உறங்குகிறவர்களுக்குக் குழாயினுள் நீர்த்துளி சேர்ந்து முகத்தில் தெறிப்பதுண்டு. குழாய்மேல் ஒரு துணியுறை போட்டாலோ, போர்வைக்குள் வைத்துக்கொண்டாலோ அது குறையும். வயிறு காற்றால் உப்புகிறவர்கள் தாமாகக் கருவியைத் திருகாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நள்ளிரவில் தம்மையறியாமல் கவசத்தைக் கழற்றி எறிந்திருப்பதைக் காலையில் காண்பது முதல் வாரங்களில் மிகச் சாதாரணம். விழிப்பு வந்தபோது மீண்டும் மாட்டிக்கொள்வதே செய்யத்தக்கது. நமக்கு இது பன்னிரண்டு நாள் நீடித்தது. காலை ஆறு மணித் திருப்பலிக்கு வந்தவர்கள் கன்னத்தில் பட்டை பதிந்த தழும்பைப் பார்த்து, "என்ன சாமி, அடிபட்டதா?" என்று விசாரித்ததும் அந்நாட்களில்தான்.

பலன் உடனே தெரியுமா? சிலர் முதல் காலையிலேயே புதுப்பிறவி எடுத்தாற்போல் எழுகின்றனர். வேறு சிலருக்கு வாரங்கள் செல்லும். நீண்ட நாள் காணாதிருந்த கனவுகள் கூட்டமாக வருவதுண்டு. அது நல்ல அடையாளமே. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தவர்கள் ஒருமுறையோடு நிற்பர். சர்க்கரை என்றும் முதுமை என்றும் எண்ணியிருந்தது மூச்சுத் தடையின் விளைவு என்பது அப்போது புலப்படும். மாறுதல் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாம் வாரத்தில் கைவிடுவதுதான் பெருங்கேடு. இதயநோயோ பக்கவாதமோ முன்பே கண்ட 2,717 பேரை ஏழு நாடுகளில், நம் இந்தியாவிலும், பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. கருவி பெற்றவர்களுக்குப் பகலுறக்கம் குறைந்தது, மனநிலை சீரடைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அணிந்திருந்தனர் என்பதை மருத்துவர் பலர் சுட்டிக்காட்டுகின்றனர். இரவுக்கு நான்கு மணி என்று சொல்லப்படுவது கீழ் எல்லையே. உறங்கும் நேரமெல்லாம் அணிவதே குறிக்கோள். இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், மதுவருந்திவிட்டுக் கருவியை நம்பிப் படுப்பதும் கூடா.

அருகில் உறங்கும் மனைவியர்க்கும் இவை பழகும் வாரங்களே. ஆண்டுக்கணக்கில் கணவரின் மூச்சை எண்ணிக்கொண்டே உறங்கியவர்கள், அந்த ஓசை நின்றதும் அமைதியில் உறக்கம் கொள்ளாமல் பதறி எழுந்து அவர் மார்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது சில நாளில் தணியும். கருவியின் ஓசை மின்விசிறியின் ஓசையைவிடக் குறைவு. சீழ்க்கை ஒலி எழுந்தால் கவசம் கசிகிறது என்று கொள்க. "பார்க்கச் சகிக்கவில்லை" என்ற ஒரு சொல்லால் சிகிச்சையை நிறுத்திய கணவர்களை நாம் அறிவோம். ஆதலால் சொல்லில் கவனம் தேவை.

மின்தடையைப் பற்றிப் பலர் அஞ்சிக் கேட்கின்றனர். மின்சாரம் நின்றால் காற்று நிற்கும்; மூச்சு நிற்காது. மூக்குக் கவசம் அணிந்தவர் வாயால் மூச்சு விடலாம். வாயையும் மூடும் கவசத்தில் வெளிக்காற்றை உள்ளே விடும் திறப்பு அமைத்திருக்கின்றனர். பெரும்பாலானோர் விழித்துவிடுவர். வீட்டு ‘இன்வெர்ட்டர்’ இக்கருவியைத் தாங்கும். நீர்த்தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் இன்னும் நெடுநேரம் தாங்கும்.

விலைகொடுத்து வாங்குமுன் முதலிரு மாதங்கள் வாடகைக்கு எடுக்கும் வசதி நகரங்களில் உண்டு, அதுவே விவேகம். மறுமுறை மருத்துவரிடம் செல்லும்போது கருவியையோ அதன் நினைவு அட்டையையோ எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணி அணிந்தோம், எவ்வளவு கசிந்தது, இன்னும் எத்தனை முறை மூச்சுத் தடைபடுகிறது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். வெளியூர் செல்லும்போதும் அது உடன்வர வேண்டும். வேளாங்கண்ணி விடுதிகளில் மின் இணைப்புக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருப்பது வழக்கமாதலால், நீண்ட மின்கம்பி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.