நாட்பட்ட களைப்பு நோயில் உறக்கக் குலைவும் அதன் மேலாண்மையும்

நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறி என்பது ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பதும், ஓய்வெடுத்தாலும் நீங்காததுமான கடும் களைப்பை ஏற்படுத்தும் ஒரு நோய் ஆகும். சிறிய உழைப்பிற்குப் பின்னரும் நோய் கூடுதல், உறங்கி எழுந்தும் புத்துணர்வு இன்மை ஆகியவை இதன் பிற முதன்மை இயல்புகள் ஆகும். இந்நோயில் பலர் போதிய நேரம் உறங்கினாலும், அவ்வுறக்கம் உடலை மீட்பதில்லை. எனவே கூடுதலாக உறங்குவதைக் காட்டிலும், எழும் நேரத்தையும் பகல் நேர உழைப்பையும் ஒழுங்குபடுத்துவதே உறக்க மேலாண்மையின் அடிப்படை ஆகும். இக்கட்டுரை தென்காசி, குற்றாலம் பகுதியின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பெயரும் வரைவிலக்கணமும்

1955 ஆம் ஆண்டு இலண்டன் இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் பலருக்கு ஒரே காலத்தில் காய்ச்சலும், அதனைத் தொடர்ந்து நீண்ட களைப்பும் ஏற்பட்டன. இதன் பின்னர் மயால்சிக் என்செஃபலோமைலிடிசு என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறி என்ற பெயர் 1988 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரைவிலக்கணத்தால் பரவியது. 2015 இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வரைவிலக்கணம், புத்துணர்வு தராத உறக்கத்தை நோயறிதலுக்குக் கட்டாயமான அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்நோயை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

களைப்பு உள்ள அனைவருக்கும் இந்நோய் இருப்பதாகக் கொள்ளலாகாது. கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான 2494 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வில், 12.1 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட களைப்பைத் தெரிவித்தனர். அக்களைப்பு வறுமையுடனும் மன உளைச்சலுடனும் தொடர்புற்றிருந்தது.

காய்ச்சலுக்குப் பின் வரும் களைப்பு

பலருக்கு இந்நோய் ஒரு தொற்றுக்குப் பின் தொடங்குகிறது. ஆசுத்திரேலியாவின் டப்போ நகரப் பகுதியில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வு, மூவகைத் தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைப் பின்தொடர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் இந்நோய் காணப்பட்டது. அத்தொற்றுகளுள் ஒன்றான ராசு ரிவர் காய்ச்சலை உண்டாக்கும் தீநுண்மி, சிக்குன்குனியா தீநுண்மியின் இனத்தைச் சேர்ந்தது. இரண்டும் கொசுக்களால் பரவுகின்றன.

தமிழகத்தில் 2006 இல் சிக்குன்குனியா பரவலாகக் காணப்பட்டது. 2012 இல் தென்காசியை அடுத்த கடையநல்லூர் பகுதியில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. 2020 முதல் பரவிய கோவிட்-19 நோய்க்குப் பின்னரும் சிலரிடம் இதே அறிகுறிகள் நீடிக்கின்றன. ஆகவே காய்ச்சல் நீங்கிப் பல மாதங்கள் கடந்தும் களைப்பு தொடர்ந்தால், அதனைச் சோம்பல் என ஒதுக்காமல் ஆராய்தல் வேண்டும்.

உறக்கம் குலையும் விதம்

மனிதரின் உறக்கத்தை இரண்டு காரணிகள் ஆளுகின்றன. முதலாவது, விழித்திருக்கும் நேரத்திற்கு ஏற்ப வளரும் உறக்க வேட்கை. இரண்டாவது, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சி கொண்ட உடற்கடிகாரம். மூளையின் ஐப்போத்தலாமசுப் பகுதியில் உள்ள ஒரு நரம்பணுக் கொத்து இக்கடிகாரத்தை இயக்குகிறது. கண்ணில் படும் காலை ஒளி அதனை நாள்தோறும் திருத்தி அமைக்கிறது. இரவில் சுரக்கும் மெலடோனின் உறக்க நேரத்தை உடலுக்கு அறிவிக்கிறது.

நோயாளி களைப்பால் பகலில் நெடுநேரம் உறங்கும்போது உறக்க வேட்கை குறைகிறது. இருட்டறையில் படுத்திருப்பதால் காலை ஒளியும் கிடைப்பதில்லை. இதனால் இரவு உறக்கம் தள்ளிப்போகிறது. விடியலில் உறங்கி நண்பகலில் எழும் நிலை உருவாகலாம். மூட்டுவலி, தசைவலி ஆகியவற்றால் இடையிடையே விழிப்பதும் உண்டு.

மேலாண்மை

முதலில் இரண்டு வாரங்களுக்கு உறக்கக் குறிப்பேடு எழுதுவது பயன்தரும். படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் உறக்கம், அன்றைய உழைப்பு ஆகியவற்றைக் குறித்தால் சிக்கலின் போக்கு புலப்படும். பின்னர் கீழ்க்காணும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

- எழும் நேரம்: உறங்கச் செல்லும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது எளிது. தள்ளிப்போன நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடங்கள் வீதம் முன்னே கொண்டுவரலாம்.
- காலை ஒளி: தென்காசி ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் உள்ளதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஞாயிறு ஆண்டு முழுவதும் காலை 6 முதல் 6.45 மணிக்குள் எழுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் வானம் மூடியிருந்தாலும், வெளியொளி வீட்டு விளக்கொளியைவிடப் பன்மடங்கு மிகுதி. நடக்க இயலாதவர் திண்ணையிலோ சன்னல் ஓரத்திலோ அமர்ந்திருத்தல் போதும்.
- பகல் உறக்கம்: இயன்றவரை பிற்பகல் 3 மணிக்கு முன், 30 நிமிடங்களுக்குள் அமைதல் நன்று. உறங்காமல் கண்மூடிப் படுத்திருக்கும் ஓய்வு வேறு. அதனைக் குறைக்க வேண்டியதில்லை. நோய் கடுமையாக உள்ளோருக்குப் பகல் உறக்கத்தைத் திடீரெனக் குறைப்பது தீங்காகலாம்.
- தேநீர், காப்பி: காப்பியில் உள்ள காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். எனவே மாலையில் இவற்றைத் தவிர்த்தல் நன்று.
- உழைப்பின் அளவு: நல்ல நாளில் தேங்கிய வேலைகள் அனைத்தையும் முடிக்க முயன்றால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்திற்குப் பின் நோய் கூடுகிறது. உறக்கமும் மேலும் கெடுகிறது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, களைக்கும் முன்னரே நிறுத்துதல் வேண்டும்.

முன்பு பரிந்துரைக்கப்பட்ட, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2021 வழிகாட்டலில் கைவிட்டது.

குற்றால நீராடல்

குற்றால அருவி நீருக்கு மருத்துவக் குணம் உண்டு என்னும் நம்பிக்கை பழமையானது. நீராடலால் சிலருக்கு இதம் கிடைக்கலாம்; ஆனால் அது இந்நோயைக் குணப்படுத்துவதில்லை. பருவக் கூட்டத்தில் நெடுநேரம் நிற்றல், செண்பகாதேவி அருவிக்கு மலையேறுதல் ஆகியவை இந்நோயாளிக்குப் பெரும் உழைப்பு ஆகும். நின்றால் தலைசுற்றல் வருவோர் கூடுதல் கவனம் கொள்ளல் வேண்டும். அன்று நலமாகத் தோன்றினாலும், விளைவு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெளிப்படலாம்.

மருத்துவரை நாடுதல்

இரத்தசோகை, தைராய்டுச் சுரப்புக் குறைவு, நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் இத்தகைய களைப்பைத் தரும். உரத்த குறட்டையும் இடையே மூச்சுத்திணறலும் இருப்பின் உறக்க மூச்சுத்தடையை ஆராய்தல் வேண்டும். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவால் இருக்கலாம். இவை பெரும்பாலும் மருத்துவத்தால் சீராகக் கூடியவை. உறக்க மாத்திரைகளையோ மெலடோனினையோ மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

சமூகச் சூழல்

தென்காசி மாவட்டத்தில் பெண்கள் பலர் வீட்டிலிருந்து பீடி சுற்றுகின்றனர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுவதால், ஓய்வெடுத்த நேரம் கூலி இழந்த நேரம் ஆகிறது. வீட்டு வேலை முடிந்தபின் இரவில் சுற்றினால் உறக்க நேரமும் தள்ளிப்போகிறது. இத்தகைய வீடுகளில் நோயாளி ஒருவரால் மட்டும் மேற்கண்ட ஒழுங்கைக் கடைப்பிடிக்க இயலாது. வேலையைப் பகிர்ந்து கொள்வதும், புறத்தோற்றத்தில் தெரியாத இந்நோயை நோயென ஏற்பதும் குடும்பத்தினர் அளிக்கக்கூடிய முதன்மையான உதவிகள் ஆகும்.