கொடை அடிச்சட்டகம் (சரக்குந்து)

கொடை அடிச்சட்டகம் என்பது, பழைய சரக்குந்து ஒன்றை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றும்போது அதற்கு அடித்தளமாகவோ உறுப்புகளின் மூலமாகவோ தெரிவு செய்யப்படும் மற்றொரு ஊர்தியின் அடிச்சட்டகம் ஆகும். பட்டறைகளில் இது சேசிஸ் என்றே வழங்கும். மாற்றம் இரு வழிகளில் செய்யப்படுகிறது. பழைய வண்டியின் ஓட்டுநர் அறையையும் முகப்பையும் நாற்சக்கர இயக்கமுள்ள சட்டகத்தின் மீது ஏற்றுவது ஒன்று. பழைய சட்டகத்தை வைத்துக்கொண்டு, கொடை வண்டியின் முன் அச்சையும் பகிர்வுப் பெட்டியையும் அதில் பொருத்துவது மற்றொன்று. முதல் வழியில் பொருத்தும் வேலை எளிது. ஆனால் இந்தியச் சட்டப்படி வண்டியின் அடையாளம் சட்டக எண்ணில் இருப்பதால், சிக்கல் பின்னர் தலைதூக்கும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1931-இல் தொடங்கப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் போர்டு சரக்குந்துகளை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றித் தந்தது. 1950களில் மினியாபொலிசின் நாப்கோ நிறுவனம் செவ்ரோலெட், ஜிஎம்சி வண்டிகளுக்கு இத்தகைய உறுப்புத் தொகுதிகளை விற்றது.

கொடை அடிச்சட்டகத்துக்கு இந்தியாவிலும் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவிலிருந்து நாற்சக்கர இயக்கச் சட்டகங்கள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றின் மீது இங்கே கவச உடல் பொருத்தி, 1940 முதல் 1944 வரை 4,655 கவச ஊர்திகள் செய்யப்பட்டன. கவசத் தகடுகளை ஜம்சேத்பூரின் டாட்டா ஆலை தந்ததால் இவ்வண்டிகள் டாட்டாநகர் என்று அழைக்கப்பட்டன. நல்ல சட்டகம் ஆயத்தமாக வரும்போது உடலை மட்டும் உள்ளூரில் கட்டுவதே விரைவான வழி என்பதை இது காட்டுகிறது. நம் நாட்டுச் சரக்குந்துத் தொழிலும் இதே முறையில்தான் வளர்ந்தது. ஆலை சட்டகத்தைத் தர, உடலை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகள் கட்டின.

தெரிவில் கவனிக்க வேண்டியவை

முதலில் அளக்க வேண்டியது அச்சிடைத் தொலைவு. முன் சக்கரத்தின் நடுப்புள்ளி ஓட்டுநர் அறைக்கு எவ்வளவு முன்னால் உள்ளது என்பதும் அதே அளவு முக்கியமானது. லேலண்ட் காமெட், டாட்டா மெர்சிடிஸ்-பென்ஸ் எல் 312 போன்ற பழைய வண்டிகள் மூக்கு வைத்தவை. அவற்றில் பொறி ஓட்டுநர் அறைக்கு முன்னால் இருக்கும். பொறியின் மேல் அறை அமைந்த வண்டியின் சட்டகம் இவற்றுக்கு எளிதில் பொருந்தாது.

அடுத்தது உயரம். இருசக்கர இயக்க வண்டியின் முன் அச்சு நடுவில் கீழ்நோக்கி வளைந்த, காய்ச்சி அடித்து உருவாக்கிய ஒரு தண்டு மட்டுமே. அந்த வளைவில்தான் பொறியின் எண்ணெய்த் தொட்டி இறங்கி அமர்ந்திருக்கும். இயக்கப்படும் அச்சின் நடுப்பகுதியிலோ பற்சக்கரக் கூடு உண்டு. அது மேலும் கீழும் அசைய இடம் விட, பொறியையோ சட்டகத்தையோ உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவுகளில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. கம்பீரமாக இருக்கும் என்பதற்காகவே உயர்த்துவோரும் உண்டு; அது தவறு.

முன் அச்சின் பற்சக்கரக் கூடு பெரும்பாலும் ஒரு பக்கமாக விலகியிருக்கும். வில்லிஸ் ஜீப்பில் அது வலப்பக்கம். பகிர்வுப் பெட்டியிலிருந்து முன்னோக்கி வரும் தண்டும் அதே பக்கத்தில் இருந்தாக வேண்டும். எனவே அச்சை ஒரு வண்டியிலிருந்தும் பெட்டியை வேறொரு வண்டியிலிருந்தும் எடுப்பது பெரும்பாலும் வீண் வேலையாக முடியும்.

முன், பின் அச்சுகளின் பல் விகிதம் ஒன்றாக இருத்தல் வேண்டும். முன்னது 5.38, பின்னது 4.88 என்று கொள்வோம். பகிர்வுப் பெட்டி இரு தண்டுகளையும் பூட்டியவுடன் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். முன் சக்கரங்கள் 100 மீட்டர் செல்லும் நேரத்தில் பின் சக்கரங்கள் 110 மீட்டர் செல்ல முயலும். மணலில் அவை வழுக்கி இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் சேர்ந்து, பல்லோ தண்டோ உடையும். சக்கர உறைகளின் அளவு மாறினாலும் இதே விளைவுதான்.

திரும்பும் சக்கரத்துக்குள் செல்லும் இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும். சாதாரண ஹூக் இணைப்பு 30 பாகை வளைந்து சுழன்றால், அதன் வெளியீட்டு வேகம் ஒரு சுற்றில் இருமுறை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியும் 13 விழுக்காடு குறைந்தும் அமையும். திருப்புச் சக்கரத்தில் இந்த அதிர்வு ஓட்டுநரின் கைக்கு எட்டும். ர்செப்பா, டிராக்டா போன்ற மாறா வேக இணைப்புகள் இக்குறையைத் தீர்க்கின்றன.

சட்டகத்தில் துளையிட நேர்ந்தால் நெடுக்குச் சட்டத்தின் செங்குத்துப் பகுதியில் மட்டுமே இடலாம். மேல், கீழ் விளிம்புகளே வளைவு விசையைத் தாங்குவன. அவற்றில் துளையோ பற்றவைப்போ கூடாது.

கிடைக்கும் வண்டிகள்

மெர்சிடிஸ் மரபில் பெயரிலுள்ள 'ஏ' என்ற எழுத்து எல்லாச் சக்கர இயக்கத்தைக் குறிக்கும். டாட்டாவின் எல்பிடிஏ 713 இந்த மரபையே பின்பற்றுகிறது. இதுவும் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் பொறியின் மேல் அறை அமைந்தவை. ஆகவே மூக்கு வைத்த பழைய வண்டிக்கு அமைப்பால் நெருங்கியது, ஜபல்பூரில் செருமனியின் மான் நிறுவன உரிமத்தின் கீழ் 1996 வரை செய்யப்பட்ட சக்திமான்தான். சிறிய வண்டிகளுக்கு அதே ஊரின் ஜோங்காவும் நிசான் ஒரு டன் வண்டியும் கருதத்தக்கவை. இவை இராணுவம் கழித்த வண்டிகளாகவே வெளிவந்தன. விடுவிப்புத் தாள் இல்லாத வண்டியை இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் சட்டகமாக வாங்கக் கூடாது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பழைய சரக்குந்து தேடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத் தோல், அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை உப்பிட்டுக் காக்கப்படுவது. அதிலிருந்து வடியும் உப்புநீர் பலகை இடுக்குகள் வழியே சட்டகத்தில் இறங்குகிறது. வலுவுக்காக இரட்டைத் தகடு வைத்த இடங்களில் அது தங்கிவிடும். இடையில் துரு பருத்துத் தகடுகளைப் பிரிக்கும். தறையாணிகளின் தலை எழும்பும். புது வண்ணம் பூசிய சட்டகத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒலி மங்கும் இடம் ஐயத்துக்குரியது. இவ்வட்டாரத்தில் பாலாற்று மணலுக்கும் ஜவ்வாது மலைச் சேற்றுக்கும் நாற்சக்கர இயக்கம் பயன்படும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது வீண் எடை.

சட்டநிலை

பதிவுச் சான்றில் சட்டக எண், பொறி எண், அச்சிடைத் தொலைவு ஆகியன குறிக்கப்படுகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, இவ்விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது. எனவே பதிவு அலுவலகத்தின் எழுத்து மூல ஒப்புதல் கிடைக்கும் முன் சட்டகத்துக்குப் பணம் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. ஒப்புதல் இன்றி மாற்றிய வண்டியைத் தனியார் நிலத்துக்குள் மட்டுமே வைத்துக்கொள்ள நேரிடும்.

2021-இல் அறிவிக்கப்பட்ட தொன்மை ஊர்தி விதிகளும் இங்கு உதவா. 50 ஆண்டு கடந்து, சட்டகத்திலும் பொறியிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள இருசக்கர ஊர்திகளுக்கும் பயணிகள் மகிழுந்துகளுக்குமே அவை பொருந்தும். சரக்குந்துகள் அந்த வகையில் சேர்க்கப்படவில்லை.