புற்றுநோய் ஒரு பக்கம்தான்... சலங்கையைக் கழற்றாத ஆனந்தா!

2008 ஜூலை 1. மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருந்தார் பரதநாட்டியக் கலைஞர் ஆனந்தா சங்கர் ஜெயந்த். பத்மஸ்ரீ விருது பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. ‘மார்பகப் புற்றுநோய்’ என்று மருத்துவர் சொன்னதும் ஆனந்தாவுக்கு எதுவுமே ஓடவில்லை. ‘ஸ்டேஜ்’ என்ற வார்த்தையும் காதில் விழுந்தது. அதுவரை அவருக்குத் தெரிந்த ஸ்டேஜ், சலங்கை கட்டி ஆடும் மேடை மட்டும்தான்!

திருநெல்வேலியில் பிறந்த ஆனந்தா, வளர்ந்தது ஹைதராபாத்தில். நான்கு வயதில் அம்மா அவரை நடனத்துக்கு அறிமுகம் செய்தார். பிறகு சென்னை கலாக்ஷேத்ராவில் பயிற்சி. பரதத்தோடு குச்சிப்புடியும் கற்றார். ஒரு பக்கம் மேடை. மறுபக்கம் தென் மத்திய ரயில்வேயில் அதிகாரி வேலை. இரண்டையும் சமாளித்தவரைத்தான் நோய் உலுக்கிப் போட்டது.

நவரசங்களில் பயமும் ஒன்று. மேடையில் எத்தனையோ முறை அபிநயித்த பயம் உண்மையில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. தன் நடனம் இத்தோடு முடிந்துவிட்டதா என்று கணவரிடம் கேட்டு அழுதார். இது சிகிச்சைக்கான இடைவேளைதான், மறுபடி ஆடலாம் என்று தேற்றினார் கணவர்.

அழுது முடித்தபின் ஆனந்தா ஒரு முடிவுக்கு வந்தார். புற்றுநோய் தன் வாழ்க்கையில் ஒரு பக்கம்தான். மற்ற பக்கங்களை அது தொடக்கூடாது!

சொல்வது சுலபம். கீமோதெரபி தொடங்கிய பின் தலைமுடி கொட்டியது. மூன்று மணி நேரம் நின்று ஆடியவருக்கு மாடிப்படி ஏறுவதே பெரும்பாடானது. ஆனாலும் தினமும் உடம்பை இழுத்துக்கொண்டு நடனக்கூடத்துக்குப் போனார். நான்கு வயதில் கற்ற அடவுகளையும் முத்திரைகளையும் முதலிலிருந்து பழகினார். சிங்கத்தின் மீதேறி மகிஷாசுரனை வதைக்கும் துர்க்கையை மனதில் பிடித்துக்கொண்டார். அதுவும் சின்ன வயதில் அம்மாவிடம் கற்றதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடனத்தை நம்பி அவர் சிகிச்சையை விட்டுவிடவில்லை. மருந்து உடம்பைப் பார்த்துக்கொண்டது. நடனம் மனதைப் பார்த்துக்கொண்டது. நிகழ்ச்சிகளுக்குத் தோதாக கீமோ தேதிகளை முன்பின் மாற்றித் தந்து மருத்துவரும் துணை நின்றார்.

2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில் இந்தக் கதையை அவரே பேசினார், ஆடியும் காட்டினார். அந்த வீடியோ உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நாட்டியத்தோடு புற்றுநோய் விழிப்புணர்வும் அவருடைய வேலையாகிவிட்டது.

அவர் வெளிப்படையாகப் பேசியது ஏன் முக்கியம்? நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். போடி, பொட்டிபுரம் பக்கம் விடியும் முன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஏராளம். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. ‘கட்டி மாதிரி இருக்கு, வலிக்கலையே’ என்று தள்ளிப்போட இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆனால், மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது என்பதுதான் ஆபத்தே. மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு... இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல; பரிசோதித்தால்தான் தெரியும். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மார்பகப் பரிசோதனை உண்டு. தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்: “டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா? நானும் கூட வர்றேன்.”